தடுப்பை வெட்டினால் தொட்டில் ஆடுமா?

இந்த வாரத் தபாலில் ஒரு கடிதம் மூன்று பக்கத்துக்கு வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு மாமியார். ஊர், பேர் எதையும் வெளியிட வேண்டாம் என்று அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறார். ஆகவே விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. மருமகள் நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை உண்டாகி, மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அப்புறம் ஒன்றும் தரிக்கவில்லை. போன மாதம் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். கர்ப்பப்பை நடுவில் தடுப்பு இருக்கிறதாம். பிறவியிலேயே உள்ளதாம். அதை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு மூன்று சந்தேகம். பிறவிக் குறை என்றால் பெண் பார்க்கும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டாமா? ஆபரேஷன் செய்தால் குழந்தை நிச்சயமா? எத்தனை நாள் அவள் படுக்கையில் இருக்க வேண்டும்?"

அம்மா, கேட்க வேண்டிய கேள்வியை நடுவில் வைத்துவிட்டு, கேட்கக் கூடாத கேள்வியை முதலில் வைத்துவிட்டீர்கள். இருக்கட்டும். நீங்கள் வைத்த வரிசையிலேயே வருகிறேன். இதே மாதிரி எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் குடும்பங்கள் இன்னும் பல இருப்பதால், பதிலை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

உங்கள் சம்பந்தி வீட்டார் எதையும் மறைக்கவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. மருமகளுக்கும் தெரியாது. மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், வலி அதிகம் இருக்காது, உடம்பு நன்றாகவே வளர்ந்திருக்கும். உள்ளே நடுவில் ஒரு சுவர் நிற்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? குழந்தை தாமதமானதால் படம் எடுத்தார்கள், படம் எடுத்ததால் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சுவர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தாயின் வயிற்றில் சிசு ஆறு வாரத்தில் இருக்கும்போது அது ஆணா, பெண்ணா என்று உள்ளுறுப்புகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாச் சிசுவுக்கும் இடுப்புப் பக்கம் இரண்டு மெல்லிய குழாய்கள் உண்டாகின்றன. 1830ல் இவற்றைப் பற்றி விவரமாக எழுதிய ஜெர்மானிய விஞ்ஞானி யோஹன்னஸ் முல்லரின் பெயராலேயே இன்றும் இவற்றை முல்லர் குழாய்கள் என்கிறோம். ஆண் சிசுவாக இருந்தால் எட்டாவது வாரம் வாக்கில் அதன் விதைகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து இந்தக் குழாய்களைக் கரைத்துவிடுகின்றன. பெண் சிசுவுக்கு அவை தங்குகின்றன. ஆக, உங்கள் மகனுக்கும் ஒரு காலத்தில் இந்த இரண்டு குழாய்கள் இருந்தவைதான், அம்மா! அவருக்குக் கரைந்தன, மருமகளுக்கு வளர்ந்தன.

வளர்ந்த குழாய்கள் கீழ்ப்பக்கம் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் இரண்டு குழாய்ச் சுவர்களும் சேர்ந்து நடுவில் ஒரு தடுப்பாக நிற்கும். பிறகு அந்தத் தடுப்பும் மெல்ல மெல்லக் கரைந்து, இருபதாவது வாரத்துக்குள் ஒரே அறையாகிவிடும். அதுதான் கர்ப்பப்பை. ஒட்டாமல் மேலே பிரிந்து நிற்கும் இரண்டு குழாய்களும் கருக்குழாய்கள் ஆகின்றன. ஒரு கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கினால் எப்படியோ, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் எங்கே நின்றுபோகிறதோ, அதற்குத் தக்கபடி உருவம் மாறுகிறது. குழாய்கள் ஒட்டவே இல்லையென்றால் இரண்டு கர்ப்பப்பை, இரண்டு கழுத்து. பாதி ஒட்டி மேலே பிரிந்து நின்றால் இருதய வடிவில் இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை. ஒரு குழாய் மட்டும் வளர்ந்தால் ஒற்றைக் கொம்பு. நன்றாக ஒட்டிக்கொண்டு, ஆனால் நடுச் சுவர் மட்டும் கரையாமல் நின்றால், அதுதான் உங்கள் கடிதத்தில் சொல்லும் தடுப்பு. இரட்டைக் கொம்பு என்றதும் பயப்பட வேண்டாம். நம் வீட்டுப் பசுவுக்கு அப்படித்தான் இருக்கிறது. முயலுக்கு இரண்டு தனித்தனிக் கர்ப்பப்பைகள். முயல் குட்டி போடுவதைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை.

ஏன் சிலருக்கு மட்டும் இப்படி நேர்கிறது? பெரும்பாலும் இன்னதென்று சொல்லும்படி ஒரு காரணமும் அகப்படுவதில்லை. தெளிவாகத் தெரிந்த ஒரு காரணம் அமெரிக்காவில் நடந்தது. 1940களிலிருந்து 1971 வரை அங்கே கரு கலையாமலிருக்க வேண்டுமென்று கர்ப்பிணிகளுக்கு டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனைக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண்களில் பலருக்குக் கர்ப்பப்பை குறுகி, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருந்தது. அது மருந்து செய்த வினை. மற்றபடி தாயார் எதைத் தின்றாள், எந்தக் கிரகணத்தில் வெளியே போனாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இது அபூர்வமும் அல்ல. உலகத்தில் பல இடங்களில் நடந்த பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2011ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பொதுவாகப் பெண்களை எடுத்துக்கொண்டால் 100க்கு 5 அல்லது 6 பேருக்கு ஏதாவது ஒரு விதமான உருவ மாறுதல் இருக்கிறது. குழந்தையில்லாதவர்களில் 8 பேருக்கு. கரு கலைந்தவர்களில் 13 பேருக்கு. இந்த எண்களைச் சற்று நின்று பாருங்கள். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அதாவது இந்த மாறுதல்களில் பல, கரு தரிப்பதையே தடுத்துவிடுவதில்லை. தரித்த கரு தங்குவதிலும், மாதம் நிறைவதிலும், குழந்தை தலைகீழாகத் திரும்புவதிலும்தான் அதிகமாகச் சங்கடம் கொடுக்கின்றன. அதிலும் எல்லோருக்கும் அல்ல.

நான் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மாள் மூன்றாவது பிரசவத்துக்கு வந்தார். முதல் இரண்டும் சுகப்பிரசவம். இந்தத் தடவை குழந்தை குறுக்கே கிடந்ததால் வயிற்றைத் திறந்து எடுக்கும்படி ஆயிற்று. குழந்தையை எடுத்து நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்தால், கர்ப்பப்பை இருதயம் மாதிரி இரண்டு கொம்போடு இருக்கிறது! அந்த அம்மாளிடம் மறுநாள் சொன்னேன். "அப்படியா? அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் கேட்டார். அவருக்குக் கல்யாணமான புதிதில் யாராவது எக்ஸ்ரே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆபரேஷன் செய்தால் குழந்தை நிச்சயமா?

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் மருமகளுக்கு இருப்பது தடுப்புத்தான் என்பதே இன்னும் நிச்சயமாகவில்லை. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, கர்ப்பப்பையின் உள் அறை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். உள்ளே இரண்டு பிரிவாகத் தெரிந்தால் அது வெளியே உருண்டையாக இருந்து உள்ளே சுவர் மட்டும் நிற்பதாகவும் இருக்கலாம், வெளியிலேயே பிரிந்து நிற்கும் இரட்டைக் கொம்பாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வீட்டுக்குள் நின்றுகொண்டு கூரையின் வெளிப்புறம் எப்படி என்று சொல்ல முடியாதல்லவா? ஆனால் வைத்தியமோ இரண்டுக்கும் வேறு வேறு. தடுப்பு என்று நினைத்து உள்ளேயிருந்து வெட்டிக்கொண்டே போகும்போது அது இரட்டைக் கொம்பாக இருந்துவிட்டால், கத்தி கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. படம். இவை வருவதற்கு முன்னால் லாப்பராஸ்கோப் குழாயை வயிற்றில் விட்டு வெளிப்புறத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். இப்போது இதற்காக மட்டும் அது அநேகமாகத் தேவைப்படுவதில்லை.

அந்த ஸ்கேன் எடுக்கும்போதே சிறுநீரகம் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். சிசுவின் உடம்பில் கர்ப்பப்பையும் சிறுநீரகமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி வளர்கின்றன. ஒன்றில் குறை என்றால் மற்றதிலும் குறை இருப்பதுண்டு. முக்கியமாக ஒற்றைக் கொம்புக்காரர்களுக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலே இருக்கக்கூடும்.

சரி, தடுப்புத்தான் என்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் கதை.

இந்த ரண சிகிச்சைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது. பெர்லினில் பவுல் ஸ்ட்ராஸ்மன் என்ற மகப்பேறு வைத்தியர் இருந்தார். இரட்டைக் கர்ப்பப்பையை ஒன்றாகச் சேர்க்கும் முறையை 1907ல் எழுதி வெளியிட்டவர் அவர். இரண்டு கொம்புகளுக்கும் குறுக்கே வெட்டித் திறந்து, இரண்டு அறைகளையும் விரித்து, பிறகு நீளவாட்டில் சேர்த்துத் தைத்துவிடுவது. துணி தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அவருடைய மகன் எர்வின் ஸ்ட்ராஸ்மனும் அதே துறை வைத்தியர். ஹிட்லர் காலத்தில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஹூஸ்டன் நகரத்தில் தகப்பனாரின் முறையைத் தொடர்ந்து செய்து, 1950களிலும் 60களிலும் அதைப் பற்றி எழுதினார். தடுப்புக்கென்று வேறொரு முறையை பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹோவர்டு ஜோன்ஸ் கையாண்டார். தர்பூசணியில் துண்டம் போடுவது மாதிரி, தடுப்பு நிற்கும் பாகத்தை ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைப்பது. இந்த ஹோவர்டு ஜோன்ஸும் அவர் மனைவி ஜார்ஜியானாவும்தான் பிற்காலத்தில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1981 டிசம்பரில் பிறக்கக் காரணமாயிருந்தவர்கள். ஓய்வு என்றால் சிலருக்கு ஈஸிசேர், சிலருக்கு இப்படி!

இந்த ஆபரேஷன்களெல்லாம் வயிற்றைக் கிழித்துச் செய்பவை. கர்ப்பப்பையின் சுவரிலேயே நீளமாகத் தையல் விழும். அப்புறம் பிரசவம் என்றால் மறுபடியும் வயிற்றைக் கிழித்துத்தான். தையல் போட்ட இடத்தைச் சுற்றிக் குடலும் கருக்குழாயும் ஒட்டிக்கொண்டு, கரு தரிப்பதே கஷ்டமாகிவிடுவதும் உண்டு. ஆகவே வைத்தியர்கள் எளிதில் கத்தியை எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று தடவை கரு கலைந்து, வேறு வழியில்லை என்று ஆன பிறகுதான்.

1970களுக்குப் பிறகு நிலைமை மாறியது. கர்ப்பப்பைக்குள் கீழ்வழியாக ஒரு குழாயை விட்டு விளக்குப் போட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோப் கைக்கு வசதியாக வந்துவிட்டது. குழாய் விட்டுப் பார்க்கும் யோசனை பழையதுதான். 1869லேயே பாந்தலியோனி என்பவர் ஒரு மூதாட்டிக்கு அப்படிப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தக் கால விளக்கில் என்ன தெரியும்? நல்ல குளிர்ந்த வெளிச்சமும், பையை விரிக்கத் திரவம் செலுத்தும் வழியும் வந்த பிறகு, தடுப்பை உள்ளேயே நேரில் பார்த்துச் சிறு கத்தரியால் வெட்டிவிட முடிந்தது. வயிற்றில் ஒரு கீறல் கிடையாது. அரை மணியோ முக்கால் மணியோ. பெரும்பாலும் அன்றைக்கே வீடு.

சுலபமானதுதான் சங்கடமாகப் போயிற்று. வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தபோது பத்துத் தடவை யோசித்தவர்கள், இப்போது யோசிக்காமலே செய்ய ஆரம்பித்தார்கள். மூன்று தடவை கலைந்தவர்களுக்கு என்றிருந்தது, ஒரு தடவை கலைந்தவர்களுக்கு என்றாயிற்று. பிறகு கலையாதவர்களுக்கும், படத்தில் தடுப்புத் தெரிந்த எல்லோருக்கும் என்றாயிற்று. எவ்வளவு ஆழம் இருந்தால் தடுப்பு என்று சொல்வது என்பதிலேயே ஐரோப்பிய சங்கத்துக்கும் அமெரிக்க சங்கத்துக்கும் அளவு வேறு. ஒருவர் கணக்கில் தடுப்பு, மற்றவர் கணக்கில் சாதாரணக் கர்ப்பப்பை!

அதற்கென்ன, பலன் கிடைக்கிறதல்லவா என்று கேட்பீர்கள். பல வருஷம் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். ஆபரேஷனுக்கு முன்னால் இந்தப் பெண்களுக்கு உண்டான கருக்களில் பெரும்பாலானவை கலைந்தன, ஆபரேஷனுக்குப் பின்னால் உண்டானவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன என்று அறிக்கைமேல் அறிக்கை வந்தது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வேண்டும், அம்மா. நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். ஜுரம் வந்து ஒரு வாரம் கழித்துத் தானாக இறங்குகிற வகை. முதல் நாள் ஒரு கஷாயம், மூன்றாம் நாள் வேப்பிலை, ஐந்தாம் நாள் மாத்திரை, ஆறாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த வேர். ஏழாம் நாள் ஜுரம் இறங்கியதும் பேர் யாருக்கு? வேர் கொடுத்த பாட்டிக்கு. கரு கலைவதும் அப்படித்தான். இரண்டு தடவை கலைந்தவர்களைத் தேடிப்பிடித்து ஆபரேஷன் செய்கிறோம். அவர்களில் பலருக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த கரு தங்கியிருக்கும். மூன்று தடவை கலைந்து காரணம் ஒன்றும் தெரியாதவர்களில்கூட அடுத்த தடவை நல்லபடியாகப் பெறுகிறவர்களே அதிகம். முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால் பேர் கத்திக்குத்தான் போகும்.

இதைச் சோதிக்க ஒரே வழி, தடுப்பு உள்ள பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்து, மறு பாதிக்குச் செய்யாமல் பார்ப்பது. நெதர்லாந்து நாட்டு வைத்தியர்கள் இதற்கு முன்வந்தார்கள். பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் நாடுகளில் உள்ளவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2010ல் தொடங்கி 2018 வரை எட்டு வருஷம் தேடியும் 80 பெண்கள்தான் கிடைத்தார்கள். கத்தியில் நம்பிக்கை உள்ளவர்கள் சீட்டுக்குச் சம்மதிப்பார்களா? 2021ல் முடிவு வெளியாயிற்று. ஆபரேஷன் பிரிவில் கணக்கில் வந்த 39 பேரில் 12 பேருக்கும், ஆபரேஷன் செய்யாத 40 பேரில் 14 பேருக்கும், ஒரு வருஷத்துக்குள் தரித்த கரு உயிருள்ள குழந்தையாகப் பிறந்தது. அதாவது நூற்றுக்கு 31, நூற்றுக்கு 35. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் துளை விழுந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 80 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆபரேஷனால் யாருக்குமே பலனில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல தடவை கலைந்தவர்களுக்கு, அதிலும் நல்ல ஆழமான தடுப்பு உள்ளவர்களுக்கு, ஆபரேஷன் செய்து பார்ப்பது தகும் என்று கருதும் அனுபவசாலிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஆனால் "வெட்டினால் பிறக்கும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது நம்பிக்கையே ஒழிய நிரூபணமான விஷயம் அல்ல.

இதில் நானும் ஒரு குற்றவாளிதான். என்னிடம் வந்த எத்தனையோ பெண்களை இந்த ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த வருஷம் சிலர் குழந்தையோடு வந்து சர்க்கரை கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். வராதவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. சர்க்கரை கொண்டுவந்தவர்களிலும், அனுப்பாமலே இருந்திருந்தால் எத்தனை பேர் கொண்டுவந்திருப்பார்கள் என்பது இப்போது யாருக்குத் தெரியும்?

இரட்டைக் கொம்பு, இரட்டைக் கர்ப்பப்பை என்று தெரிந்தால் விஷயம் இன்னும் சுலபம். ஸ்ட்ராஸ்மன் முறை இன்று அநேகமாகக் கைவிடப்பட்டுவிட்டது. அந்தக் கர்ப்பப்பையோடேயே கர்ப்பமாகி, மாதாமாதம் சரியாகக் காட்டிக்கொண்டு, குறைமாதத்தில் வலி எடுத்தால் உடனே போகத் தயாராக இருப்பதுதான் வைத்தியம். ஒற்றைக் கொம்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனும் கிடையாது.

கத்தி கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது ஒரு பெண்ணை வீட்டிலேயே வைத்திருந்துவிடப் போகிறார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியவளாகிச் சில மாதங்களோ ஒரு வருஷமோ ஆன பெண். மாதாமாதம் வருகிறது, ஆனால் ஒவ்வொரு மாதமும் வலி முந்தின மாதத்தைவிட அதிகமாகிறது. துடிக்கிறாள். பாட்டி, "எல்லாப் பெண்ணுக்கும் உள்ளதுதான், கல்யாணமானால் சரியாகிவிடும்" என்கிறாள். இரட்டைக் கர்ப்பப்பையில் ஒரு பக்கத்து வழி அடைத்திருந்தால் இப்படி ஆகும். ஒரு பக்கம் வெளியே வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. மறு பக்கம் ரத்தம் தேங்கி வீங்கிக்கொண்டே போகும். அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் பெரும்பாலும் இருக்காது. அடைத்திருக்கும் சவ்வைத் திறந்துவிட்டால் வலி நிற்கும், பிற்காலத்தில் குழந்தையும் பெறலாம். தாமதித்தால் தேங்கிய ரத்தம் பின்னுக்குப் போய்க் கருக்குழாயையும் சினைப்பையையும் கெடுக்கும். ஒற்றைக் கொம்புக்குப் பக்கத்தில் வழியில்லாத சிறு கொம்பு ஒன்று இருந்து, அதில் உள்சவ்வு வளர்கிறது என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும். தப்பித்தவறி அதற்குள் கரு தங்கிவிட்டால், வெடித்து உயிருக்கே ஆபத்து.

பதினைந்து வயது முடிந்தும் பெரியவளாகாத பெண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு அந்த இரண்டு குழாய்களும் வளராமலே போய்க் கர்ப்பப்பையே இருப்பதில்லை. சினைப்பை சரியாக இருப்பதால் மற்ற வளர்ச்சியில் குறை இராது. ஸ்வீடன் தேசத்தில் இப்படிப் பிறந்த ஒரு பெண்ணுக்கு, குடும்ப சிநேகிதியான 61 வயது அம்மாள் தம் கர்ப்பப்பையைத் தானம் செய்ய, அதை வைத்துப் பொருத்தி 2014 செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. கேட்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் அது கடினமான பாதை, எல்லோருக்கும் கைகூடுவதல்ல. அதைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதுகிறேன்.

உங்கள் மருமகளுக்குத் திரும்புகிறேன். அவளுக்கு ஒரு தடவைதான் கலைந்திருக்கிறது. ஒரு தடவை கலைவது மிகவும் சாதாரணம். தரிக்கும் கருக்களில் பத்துக்கு ஒன்றாவது அப்படிப் போகிறது. பெரும்பாலும் கருவின் அமைப்பிலேயே கோளாறு இருப்பதுதான் காரணம். தடுப்பு இல்லாதவர்களுக்கும் அது நடக்கிறது. இப்போது உள்ள கவலை, இரண்டு வருஷமாகத் தரிக்கவில்லை என்பது. அதற்குத் தடுப்புத்தான் காரணம் என்று யார் தீர்மானித்தார்கள்? அந்தத் தடுப்பு இருக்கும்போதுதானே முதலில் தரித்தது? கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலேயே எழுதியிருப்பார்கள், கேளுங்கள். மாதாமாதம் சினைமுட்டை வெளிவருகிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் கடிதம் மூன்று பக்கம். மருமகளின் சாப்பாடு, தூக்கம், அவள் அம்மா வீட்டுக்குப் போய் வந்த தேதிகள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் மகனைப் பரிசோதித்ததாக ஒரு வரிகூட இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஒரு தடவை மனைவி உண்டானாள் என்பதால் அந்தப் பக்கம் என்றைக்கும் சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. விந்துப் பரிசோதனைக்குக் கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், செலவும் அதிகமில்லை. மருமகளை ஆபரேஷன் மேஜைமேல் ஏற்றுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். அவர் வெட்கப்பட்டால் நீங்களே சொல்லுங்கள். தாயார் சொன்னால் கேட்பார்.

எல்லாம் பார்த்து, முப்பரிமாண ஸ்கேனில் ஆழமான தடுப்பு என்று தெரிந்து, இந்த எண்களையெல்லாம் டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று மருமகள் விரும்பினால் செய்யட்டும். அவள் விரும்பினால், என்று சொன்னேன். இந்த வேலையை அடிக்கடி செய்து கைதேர்ந்தவரிடம் போங்கள். உள்ளே புண் ஆறும்போது சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. மிக அபூர்வமாகப் பிற்காலக் கர்ப்பத்தில் அந்த இடம் விட்டுக்கொடுப்பதும் உண்டு. ஆகவே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இந்த ஆபரேஷன் விஷயத்தை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சிறியது. படுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டொரு நாள் அடிவயிறு வலிக்கும், கொஞ்சம் ரத்தம் படும். அப்புறம் வழக்கமான வேலைகளைப் பார்க்கலாம். அடுத்த கர்ப்பத்துக்கு எப்போது முயற்சி செய்யலாம் என்பதை ஆபரேஷன் செய்தவரே சொல்வார், பெரும்பாலும் ஓரிரு மாதம். கரு தரித்த பிறகும் நாள் முழுக்கப் படுக்கையில் கிடத்த வேண்டாம், அதனால் கரு தங்குகிறது என்பதற்கு ஆதாரமில்லை. கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால், மாடிப்படி ஏறலாமா என்று வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள். எழுத்து உங்களுடையதல்ல. அவளிடமே சொல்லுங்கள், தாராளமாக ஏறலாம்.